விலா எலும்பில் ஒலித்த ஜாஸ்... எக்ஸ்-ரே படத்தில் பாட்டைப் பதிந்து பகிர்ந்த லெனின்கிராட் ரசிகர்கள்!

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள். அந்தப் படத்தைக் கத்தரியால் வட்டமாக வெட்டி, நடுவில் ஓர் ஓட்டை போட்டு, கிராமபோனில் சுழலவிட்டால் பாட்டு வருமா?

வந்தது! சோவியத் யூனியனின் லெனின்கிராட் நகரில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1960-களின் தொடக்கம் வரை ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஜாஸ் கேட்டது இப்படித்தான். ரஷ்ய மொழியில் இந்தத் தட்டுகளுக்கு 'ரியோப்ரா' என்று பெயர். விலா எலும்புகள் என்று அர்த்தம். 'எலும்பில் பாட்டு' என்றும் சொல்வார்கள். "புது எலும்பு ஏதாவது வந்திருக்கா?" என்று தெருவில் ஒருவர் கேட்டால், அது கசாப்புக் கடை விசாரிப்பு அல்ல!

இன்று ஒரு பாட்டு பிடித்துப்போனால் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் லிங்க் தட்டிவிடுகிறோம். எதிர்முனையில் இருப்பவர் அதைக் கேட்டாரா, இல்லையா என்பதுகூடப் பல நேரம் நமக்குத் தெரியாது. லெனின்கிராடில் அதே காரியத்துக்காகச் சிலர் சிறைக்குப் போனார்கள். இத்தனைக்கும், அவர்கள் பகிர்ந்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் அரசியல் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. காதல், நடனம், ரயில் பயணம்... அவ்வளவுதான். பிறகு ஏன் சிறை?

நண்பனின் இசை, எதிரியின் இசையான கதை

ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பின மக்கள் உலகத்துக்குக் கொடுத்த இசை. ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு மெட்டைத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு கலைஞரும் தன் முறை வரும்போது அந்த மெட்டை மேடையிலேயே, அந்த நொடியிலேயே வளர்த்துக்கொண்டு போவார். கச்சேரியில் கற்பனை ஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுவை சட்டென்று பிடிபட்டுவிடும்.

சோவியத் அரசு தொடக்கத்திலிருந்தே ஜாஸை வெறுத்தது என்று நினைக்க வேண்டாம். 1934-லேயே லியோனித் உத்யோசவ் தன் ஜாஸ் குழுவோடு நடித்த இசை நகைச்சுவைப் படம் ஒன்று அங்கே சக்கைப்போடு போட்டது. உலகப்போரில் அமெரிக்காவும் சோவியத்தும் ஓரணியில் நின்றபோது, 'சன் வேலி செரினேட்' என்ற ஹாலிவுட் படம் அங்கே திரையிடப்பட்டது. கிளென் மில்லரின் இசைக்குழு அதில் வாசித்த 'சட்டநூகா சூ சூ' என்ற ரயில் பாட்டு, ஊரே முணுமுணுக்கும் பாட்டானது. ஆக, ஆசையைத் தூண்டிவிட்டதில் அரசுக்கும் பங்கு உண்டு.

போர் முடிந்தது. நேற்றைய கூட்டாளி இன்றைய எதிரி. எதிரியின் இசையும் எதிரிதானே!

எடி ரோஸ்னர் என்ற ட்ரம்பெட் கலைஞருக்கு நடந்ததைப் பார்த்தால், காற்று எவ்வளவு வேகமாகத் திசை மாறியது என்பது தெரியும். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லருக்குத் தப்பி ஓடி, சோவியத்தில் பெலாரஸ் அரசு ஜாஸ் குழுவின் தலைவரானவர். அரசாங்கமே கொண்டாடிய மனிதர். 1946-ல் அவரைக் கைது செய்து, நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள மகடான் பகுதி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் கைதிகளைச் சேர்த்து இசைக்குழு நடத்தினார் மனிதர். வெளியே வந்தது 1954-ல்.

1949-ல் மாஸ்கோவில் சாக்ஸபோன் வாசிப்பவர்களை அழைத்து, கருவிகளையே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று இந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே வருடம் 'குரகடீல்' என்ற நையாண்டி இதழ், மேற்கத்திய பாணியில் உடுத்தி ஆடும் இளைஞர்களுக்கு 'ஸ்டில்யாகி' என்று கிண்டலாகப் பட்டம் சூட்டியது. 'ஸ்டைல் பேர்வழிகள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான பேன்ட், பளபளக்கும் டை, ஏற்றி வாரிய தலைமுடி. இவர்களுக்கு வேண்டிய பாட்டு அரசுக் கடையில் கிடைக்காது.

ஜாஸ் மட்டும்தான் கிடைக்காது என்றும் இல்லை. பியோதர் லெஷ்சென்கோ என்று ஒரு பாடகர். ரஷ்ய மொழியில் டாங்கோ பாட்டுகளும் ஜிப்ஸி பாட்டுகளும் பாடியவர். ஆனால், வாழ்ந்தது ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில். நாட்டுக்கு வெளியே இருந்த ரஷ்யர் என்பதால் சொந்த மொழிக்காரர்கள் அவர் பாட்டை வாங்க முடியாது. 1951-ல் ருமேனியாவில் கைதாகி, 1954-ல் சிறை மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் குரலைத் தேடியவர்களும் எலும்புத் தட்டைத்தான் நாட வேண்டியிருந்தது. ஜாஸ், டாங்கோ, ரும்பா, பின்னாளில் ராக் அண்ட் ரோல் என எல்லாம் ஒரே கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தன. இசையை வகைவகையாகப் பிரித்து ரசிக்கிற சொகுசு அந்த ரசிகர்களுக்கு இல்லை. கிடைத்ததெல்லாம் கேட்டார்கள், அதனாலேயே காது விரிந்தது.

'கோல்டன் டாக்' கம்பெனி

போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து பல பொருள்கள் சோவியத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, டெலிஃபங்கன் நிறுவனத்தின் இசைத்தட்டுப் பதிவு இயந்திரம். ஸ்டானிஸ்லாவ் ஃபிலோ என்பவர் அதை வைத்து, லெனின்கிராடின் முக்கியக் கடைவீதியான நெவ்ஸ்கி சாலையில் சின்னதாக ஒரு பதிவுக் கூடம் தொடங்கினார். வெளிப்பார்வைக்குச் சட்டப்படியான தொழில்தான். ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ, காதலிக்கோ குரலில் கடிதம் அனுப்ப வேண்டுமா? மைக் முன்னால் பேசுங்கள், தட்டில் பதிந்து தருகிறோம். வெளியே அப்படி, உள்ளே கிடைத்தற்கரிய வெளிநாட்டு இசைத்தட்டுகளுக்குப் பிரதி எடுப்பதும் நடந்தது.

அந்தக் கூடத்துக்கு வந்துபோனவர்களில் ஓர் இளைஞர், ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி. இசைப் பைத்தியம், கூடவே கைத்தொழிலில் கெட்டிக்காரர். இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்து அளவுகளை மனதில் ஏற்றிக்கொண்டு, சொந்தமாக ஒன்றைச் செய்துவிட்டார். அவருடன் சேர்ந்தவர் போரிஸ் தைகின். பாட்டு எழுதுவார், கவிதை எழுதுவார். இருவரும் தங்கள் கள்ளக் கம்பெனிக்கு வைத்த பெயர், 'கோல்டன் டாக்'. தங்க நாய்!

கிராமபோன் முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி நாய் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பழைய தமிழ்ப் பாட்டுத் தட்டுகளில் அந்த நாயைப் பார்த்தே வளர்ந்தவர்கள் உண்டு. உலகப் புகழ்பெற்ற அந்த நாய்க்குப் போட்டியாகத்தான் லெனின்கிராடின் இந்தத் தங்க நாய். குறும்பைப் பாருங்கள்!

இசைத்தட்டைப் பதிவது, கேட்பதற்கு நேர் எதிரான வேலை. கேட்கும்போது தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசி அதிர்ந்து ஒலி பிறக்கிறது. பதியும்போது ஒலி மின்சாரமாக மாறி, கூர்மையான வெட்டு ஊசியை அதிரச் செய்கிறது. சுழலும் தட்டில் அந்த ஊசி வரிப்பள்ளத்தைக் கீறிக்கொண்டே போகும். இதற்குத் தட்டு மிகக் கடினமாகவும் இருக்கக் கூடாது, குழைந்துபோகவும் கூடாது. அப்படிப்பட்ட பிளாஸ்டிக் தகடு லெனின்கிராடில் எங்கே கிடைக்கும்?

ஆஸ்பத்திரியில்! அந்தக் கால எக்ஸ்-ரே ஃபிலிம்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. சேர்த்து வைத்தால் ஆபத்து என்பதால், பழைய படங்களைக் கழித்துக்கட்ட வேண்டிய கட்டாயம் மருத்துவமனைகளுக்கு இருந்தது. கட்டுக்கட்டாகக் கேட்டு வந்தவர்களுக்குச் சும்மாவோ, சில்லறை வாங்கிக்கொண்டோ ஊழியர்கள் தூக்கிக் கொடுத்தார்கள். 'குப்பை ஒழிந்தது' என்று அவர்களுக்கும் நிம்மதி.

பிறகு கத்தரிக்கோல். வட்டம் எல்லாத் தட்டிலும் சரியாக இருக்காது; விளிம்பு கோணல்மாணலாகப் போகும். நடு ஓட்டையைச் சிகரெட் நுனியால் சுட்டே போட்டதாகவும் சொல்வார்கள். ஒரு பக்கம் மட்டும்தான் பதிய முடியும். நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஒரு தட்டில் ஒரே பாட்டு. பாட்டுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ரும்பா பாட்டுக்கு அடியில் யாரோ ஒருவரின் மண்டையோடு. காதல் பாட்டுக்கு அடியில் முறிந்த கை.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அச்சு வைத்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் தட்டுகளை அழுத்தி எடுத்துவிடலாம். எலும்புத் தட்டில் அது நடக்காது. 3 நிமிடப் பாட்டை ஒரு தட்டில் ஏற்ற 3 நிமிடம் ஆகும். 100 பிரதி வேண்டுமென்றால், அந்தப் பாட்டை 100 தடவை ஓடவிட வேண்டும். வெறும் பதிவுக்கே 5 மணி நேரம். வெட்டுவது, ஓட்டை போடுவது, கீறலில் சுருண்டு வரும் பிளாஸ்டிக் நூலைத் துடைப்பது எல்லாம் தனி. ராத்திரி முழுக்க, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாமல்!

கோட்டுக்குள் ஒரு கடை

விற்பனை தெருமுனையில். கோட்டுக் கைக்குள் தட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஃபிலிம்தானே, சுருட்டினால் உடையாது. கறுப்பு அரக்குத் தட்டைவிட இந்த விஷயத்தில் எலும்பு மேல். வாங்குபவர் காதோடு காதாகப் பெயரைச் சொல்வார். பணம் கைமாறும், பாட்டு கைமாறும். அரசுக் கடைத் தட்டைவிட விலையும் குறைவு.

தரம்? அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. சுடச்சுட எண்ணெயில் வடை பொரிகிற சத்தத்துக்கு நடுவே எங்கோ தூரத்தில் ஒரு ட்ரம்பெட் கேட்கும். சில தடவை ஓடினாலே வரிப்பள்ளம் தேய்ந்து, பாட்டு கரைந்துபோகும். அதனால், அடிக்கடி போட்டுக் கேட்க மாட்டார்கள். நண்பர்கள் கூடும் நாளுக்கு எடுத்து வைத்திருப்பார்கள். தனியாக உட்கார்ந்து கேட்பது வீண் செலவு. ஒரு தட்டு, 10 பேர், ஒரு மாலைப் பொழுது. அப்படியே சேர்ந்து ஆடிவிடுவார்கள்.

ஏமாற்று வேலைக்கும் குறைவில்லை. தெருவில் நின்று கேட்டுப் பார்த்து வாங்க முடியாதே! வீட்டுக்கு வந்து ஆசையாகப் போட்டால், நான்கு வரி இசை ஓடி நிற்கும். பிறகு ஒரு குரல் ரஷ்ய மொழியில், "ஜாஸ் கேக்குதோ உனக்கு?" என்கிற தோரணையில் திட்டித் தீர்க்கும். இப்படி ஏமாந்த கதைகளைப் பழைய ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கவா முடியும்?

இவர்களை ஒரேயடியாகத் தியாகிகளாக்கவும் வேண்டியதில்லை. இதில் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள். கலைஞர்களுக்கு ஒரு காசும் போனதில்லை. இன்றைய கணக்கில் அப்பட்டமான திருட்டுப் பிரதி. ஆனால், காசுக்காக மட்டும் என்றால், இவ்வளவு ஆபத்தான தொழிலுக்குத் திரும்பத் திரும்ப வருவார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. காரணம், அடுத்து நடந்தது.

1950 நவம்பரில் லெனின்கிராடில் பெரிய வேட்டை. எலும்புத் தட்டு தயாரித்தவர்கள், விற்றவர்கள் என ஒரே நேரத்தில் பலர் வளைக்கப்பட்டார்கள். மறுவருடம் விசாரணை. பொகஸ்லோவ்ஸ்கிக்கு 3 வருடம், தைகினுக்கு 5 வருடம் சிறை. தைகினுக்கு ஏன் கூடுதல்? தட்டு பதிந்ததோடு நிற்காமல், பாட்டும் எழுதினார் என்பது அவர்மேல் இருந்த கூடுதல் குற்றச்சாட்டு!

1953-ல் ஸ்டாலின் இறந்தார். பொது மன்னிப்பில் இவர்களும் வெளியே வந்தார்கள். வந்ததும் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? மறுபடியும் கத்தரிக்கோல், மறுபடியும் எக்ஸ்-ரே! பொகஸ்லோவ்ஸ்கி அதற்காகத் திரும்பவும் சிறைக்குப் போனார். தைகின் பின்னாளில் வேறொரு ரகசிய வேலையும் செய்தார். அரசு அச்சிட மறுத்த கவிதைகளைத் தட்டச்சு செய்து, கையால் கட்டி, சின்னச் சின்னப் புத்தகங்களாக்கினார். நிகலாய் ரூப்த்சவ் என்ற கவிஞரின் 'அலைகளும் பாறைகளும்' தொகுப்பு 1962-ல் முதலில் வெளிவந்தது அப்படித்தான். ஒரு கையில் பாட்டு, மறுகையில் கவிதை. இரண்டையும் பிரதி எடுத்து நாலு பேருக்குக் கொடுக்காமல் அவரால் இருக்க முடியவில்லை போலும்.

அரசு எதற்குப் பயந்தது என்பதற்கு இதில் விடை இருக்கிறது என்று தோன்றுகிறது. உத்யோசவின் இசை திரையில் ஓடலாம், கிளென் மில்லர் கொட்டகையில் வாசிக்கலாம். அதெல்லாம் மேலிருந்து கொடுக்கப்பட்டவை. யாரையும் கேட்காமல் இவர் அவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று கைமாற்றிக்கொள்வதுதான் பொறுக்கவில்லை. சாக்ஸபோனைவிட அந்தக் கைமாற்றலே பெரிய குற்றமாகத் தெரிந்திருக்கிறது.

'சோவியத் யூனியன்' இதழின் வழவழத் தாளில் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்ட தலைமுறை நம்மூரிலும் உண்டு. டிராக்டர், அணைக்கட்டு, கன்னம் சிவந்த விவசாயிகள்... இந்த எலும்புப் பாட்டுக்கு அதில் இடம் கிடைத்திருக்க வழியில்லை.

நள்ளிரவில் ஒரு கனத்த குரல்

சரி, லெனின்கிராட் இளைஞருக்கு எந்த ஆல்பம் நல்லது, யார் புதிதாக வந்திருக்கிறார் என்பதெல்லாம் எப்படித் தெரியும்? பத்திரிகை சொல்லாது, கடை சொல்லாது.

1955 ஜனவரியில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' சிற்றலை வானொலி, வாஷிங்டனிலிருந்து ஒரு ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடத்தியவர் வில்லிஸ் கோனோவர். டியூக் எலிங்டனின் 'டேக் தி ஏ ட்ரெயின்' அடையாள இசையாக ஒலிக்கும். பிறகு அந்தக் கனத்த குரல். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். கேட்பவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். இதோ இந்த ஆல்பம், இதில் ட்ரம்பெட் இவர், பியானோ இவர் என்று பெயர்களைத் தெளிவாகச் சொல்வார். சோவியத்தில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து கேட்டவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அவரிடம் ஜாஸோடு ஆங்கிலமும் கற்றவர்கள் ஏராளம்.

வெளிநாட்டு வானொலியின் ரஷ்ய மொழிச் செய்திகளைச் சோவியத் அரசு இரைச்சல் அலைகளை அனுப்பி அமுக்கும். ஆங்கில இசை நிகழ்ச்சிமீது அந்தக் கெடுபிடி அவ்வளவாக இல்லை. கோனோவர் அரசியல் பேசியதே கிடையாது. அவரைவிட வலுவான அரசியல் ஆயுதம் அமெரிக்காவிடம் இல்லை என்கிற பொருளில், அந்தத் தலைமுறை ரஷ்ய எழுத்தாளர் வசீலி அக்சியோனவ் பின்னர் எழுதினார். அக்சியோனவும் எலும்புத் தட்டுகளோடு வளர்ந்தவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, வெளிநாடுகளுக்கு மட்டுமான ஒலிபரப்பு. சொந்த நாட்டு மக்களுக்கு ஒலிபரப்பச் சட்டம் இடம் தரவில்லை. அதனால், அமெரிக்கத் தெருவில் கோனோவர் நடந்துபோனால் யாருக்கும் அடையாளம் தெரியாது. 1959-ல் அவர் போலந்தின் வார்சாவில் இறங்கியபோது விமான நிலையத்தில் ஒரே கூட்டம். யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாராம். வரவேற்பு அவருக்குத்தான்!

டேப் சுழலத் தொடங்கியது

1960-களில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள் சோவியத் வீடுகளுக்கு வரத் தொடங்கியதும், எலும்புத் தட்டின் ஆயுள் முடிந்தது. டேப்பில் ஒரு முழு ஆல்பத்தையே ஏற்றலாம். தேயாது, பொரியாது. பிரதிக்குப் பிரதி எடுத்துக்கொண்டே போகலாம்.

துறைமுக நகரங்களுக்கு வரும் மாலுமிகள், வெளிநாடு போய்வரும் அதிகாரிகள், சுற்றுலாப் பயணிகள் மூலம் ஒரு லாங்பிளே தட்டு ஊருக்குள் நுழையும். ஒரு தட்டு, அத்தனை பேருக்கும் ஒரே தட்டு. 'இன்று ராத்திரி மட்டும் வைத்துக்கொள், காலையில் கொடுத்துவிட வேண்டும்' என்ற நிபந்தனையோடு வீடு வீடாகப் போகும். நம்மூரில் கேசட் கடைக்காரரிடம் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்ற பதிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். அவர்கள் காத்திருந்தது கடைக்காரருக்காக. இவர்கள் ஒரு கப்பலுக்காக.

ரகசியமும் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. 1960-களின் நடுவில் லெனின்கிராடில் 'க்வத்ராத்' என்ற ஜாஸ் கிளப் இயங்கியது. அதே பெயரில் எஃபிம் பர்பான் என்பவர், தட்டச்சுப் பிரதியாகவே ஒரு ஜாஸ் பத்திரிகை நடத்தினார். எந்த ஆல்பம் ஏன் நல்லது என்று பக்கம் பக்கமாக விவாதம். கையில் இல்லாத ஆல்பத்தைப் பற்றிய விமர்சனத்தைப் படித்துவிட்டு, அது எப்படி ஒலிக்கும் என்று மனதுக்குள்ளேயே வாசித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

1962-ல் க்ளாரினெட் மேதை பென்னி குட்மேன் தன் குழுவோடு சோவியத்துக்கே வந்தார். மாஸ்கோவில் நடந்த முதல் நிகழ்ச்சிக்குப் பிரதமர் க்ருஷ்சேவ் நேரில் வந்தார். மேடை நிகழ்ச்சியைவிட முக்கியமானது, மேடைக்கு வெளியே நடந்தது. எலும்பிலும் சிற்றலையிலும் ஜாஸ் கற்ற லெனின்கிராட் இளைஞர்கள், குட்மேன் குழுவினரோடு சேர்ந்து வாசித்தார்கள். அமெரிக்கர்களுக்கு ஆச்சர்யம். இவர்கள் எங்கே கற்றார்கள்?

அந்தக் குழுவில் வந்திருந்த விக்டர் ஃபெல்ட்மேன், கெனாடி கோல்ஸ்டைன் உள்ளிட்ட சோவியத் கலைஞர்கள் உருவாக்கிய மெட்டுகளைத் தன்னோடு எடுத்துப்போய், 'சோவியத் ஜாஸ் தீம்ஸ்' என்று ஓர் ஆல்பமே வெளியிட்டார். இதுநாள் வரை உள்ளே மட்டுமே வந்துகொண்டிருந்த இசை, முதன்முறையாக வெளியே போனது.

அதைவிடப் பெரிய பயணம் பிறகு நடந்தது. லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் மூன்று பேர்: பியானோவில் வியாசெஸ்லாவ் கனேலின், டிரம்ஸில் விளாதிமிர் தரசவ், சாக்ஸபோனில் விளாதிமிர் செகாசின். செகாசின் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். அரசு நிறுவனமான மெலோதியாவே 'கோன் அனிமா' என்ற அவர்களின் ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. ஆனால், மேடையில் அவர்கள் வாசித்த காட்டாற்று இசை வெளியுலகுக்குத் தெரியாது.

லெனின்கிராடிலிருந்து வெளியேறிய லியோ ஃபைகின் என்பவர், லண்டனில் பி.பி.சி ரஷ்ய சேவையில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இந்த மூவரின் டேப்புகள் ரகசியமாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1979-ல் அவர் தொடங்கிய சிறிய நிறுவனம் லியோ ரெக்கார்ட்ஸ். அதன் ஆரம்ப வெளியீடுகளில் ஒன்று, கனேலின் ட்ரையோவின் 'லைவ் இன் ஈஸ்ட் ஜெர்மனி'. மேற்கத்திய ஜாஸ் ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். கலைஞர்களுக்கு ஊரில் ஆபத்து வந்துவிடக் கூடாதே! அதற்காக, 'இந்த டேப்புகள் வெளியானதற்கு இசைக்கலைஞர்கள் பொறுப்பல்ல' என்ற பொருளில் ஆல்பங்களில் ஒரு குறிப்பை அச்சிட்டார் ஃபைகின். அந்த மூவரும் 1984-ல் பிரிட்டனிலும் 1986-ல் அமெரிக்காவிலும் நேரிலேயே வாசித்தார்கள்.

நீங்களும் கேட்கலாம்

எலும்புத் தட்டுகளை வெளியுலகம் மறந்தே போயிருந்தது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீஃபன் கோட்ஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பழைய பொருள் சந்தையில் தற்செயலாக ஒன்றைப் பார்த்தார். அது என்னவென்று தேடிப் போனவர், இன்று இந்தக் கதையின் முக்கிய ஆவணக்காரர். புகைப்படக் கலைஞர் பால் ஹார்ட்ஃபீல்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'எக்ஸ்-ரே ஆடியோ' திட்டத்தில் தட்டுகளின் படங்களும் ஒலியும் இருக்கின்றன. 2015-ல் புத்தகமாகவும் வந்தது.

இந்த வார இறுதியில் அரை மணி நேரம் கிடைத்தால், இந்த வரிசையில் தேடிக் கேட்டுப் பாருங்கள். முதலில் கிளென் மில்லரின் 'சட்டநூகா சூ சூ'. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பிடிக்கும். அடுத்து டியூக் எலிங்டனின் 'டேக் தி ஏ ட்ரெயின்'. கோனோவரின் குரலுக்காகக் காத்திருந்தவர்களின் காதில் முதலில் விழுந்தது இதுதான். பிறகு எடி ரோஸ்னரின் ட்ரம்பெட். அதன் பின் எக்ஸ்-ரே தட்டின் நிஜ ஒலிப்பதிவு ஒன்று. இரைச்சலுக்கு அடியில் மெட்டைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகும். ஹெட்போன் போட்டுக்கொண்டால் எளிது.

கடைசியாகக் கனேலின் ட்ரையோ. அதற்கு முன்னால் மறக்காமல் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். இரண்டு சாக்ஸபோன்கள் ஒரே மூச்சில் எந்த நொடியில் கிளம்பும் என்று சொல்ல முடியாது!